அஞ்சாம் நம்பர் போர்ட்டும் மாம்பழக் கலர் புடவையும்

இனிமேல் உயிரே போனாலும் தோளில் புடவையைப் போட்டுக்கொண்டு நிற்பதில்லை என்று கலியாணசுந்தரம் முடிவு செய்தார். முடிவு செய்த இடம் தெருக்கோடி டீக்கடை. செய்ய வைத்தவர் அவருடைய சிநேகிதர் சீனிவாசன்.

"மாம்பழக் கலரு உனக்கு எடுப்பா இருக்குதுபா," என்றார் சீனிவாசன், டீயை ஆற்றிக்கொண்டே. "முந்தியதான் இன்னும் கொஞ்சம் விரிச்சுப் போட்டிருக்கலாம். இடுப்பாண்ட மடங்கிக்கிச்சு."

கலியாணசுந்தரம் தெருவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல கூட அதான் சொன்னாங்க. அண்ணனுக்குப் பச்ச எடுபடல, மாம்பழம்தான் அள்ளுதுன்னு."

"டீய குடி சீனு."

"குடிக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை இன்னா கலருபா?"

டீக்கடைக்காரரும் பதிலுக்காகக் காத்திருப்பது போலத் தெரிந்தது. கலியாணசுந்தரம் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவர் பிள்ளையார்பாளையத்துப் பட்டுத் தறிக்காரர். வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி. புடவை நெய்வது வேறு, புடவையைத் தோளில் போட்டுக் காட்டுவது வேறு. காந்தி ரோட்டுப் பெரிய கடைகளில் கட்டைமீசை வைத்த ஆண்பிள்ளைகள்தான் புடவையைத் தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் பிடித்து, முந்தியை விசிறி மாதிரி விரித்துத் திரும்பித் திரும்பிக் காட்டுவார்கள். யாரும் சிரிப்பதில்லை. அது அவர்கள் உத்தியோகம். நெய்கிறவன் கதை அப்படியா? அவன் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவன். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உடம்பு இருக்கிறதா என்பதே ஊருக்குத் தெரியாது.

அப்படி மறைவாக இருந்தவரை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தவள் அவர் மனைவி ஏலவார்குழலி. வெள்ளிக்கிழமைதோறும் அவள் செல்போனில் 'லைவ்' போட்டுப் புடவை விற்கிறாள். ஆரம்பத்தில் ஒரு பொம்மைக்குத்தான் புடவை கட்டிக் காட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பொம்மையின் வலது கை கழன்று அவள் மடியில் விழுந்தது.

"ஏங்க, ஒரு நிமிஷம் இங்க வந்து நில்லுங்க," என்று குழலி கூப்பிட்டாள்.

அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

முடிவு எடுத்தாகிவிட்டது. அதை மனைவியிடம் சொல்வது எப்படி? கலியாணசுந்தரம் இரண்டு நாள் யோசித்தார். நேரில் சொல்லலாம். சொன்னால் அவள் "ஏன்?" என்று கேட்பாள். அதற்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை. சொல்லாமலே நடக்கிற வழி ஏதாவது வேண்டும். அந்த வழி வயர் மூலமாக வந்து சேர்ந்தது.

கீழே தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை என்று குழலி லைவை மாடி ரூமுக்கு மாற்ற நினைத்தாள். மாடிக்கு நெட் ஏறவில்லை.

"மாடி ரூமுக்கு மெஷ் போடணுங்க," என்றாள்.

இது ஒரு வேலையா? கலியாணசுந்தரம் டேப் எடுத்து ஜன்னல்களை அளந்தார். மறுநாள் காலையில் ஒரு ஆளோடு வந்து நின்றார்.

"யாருங்க இவரு?"

"மெஷ் போட வந்திருக்காரு. ஜன்னலு, கதவு, எல்லாத்துக்கும்."

"நான் சொன்ன மெஷ்ஷு நெட்டு வர்றதுக்குங்க."

"இதுவும் நெட்டுதாம்மா," என்றார் வந்தவர், கொசுவலைச் சுருளை இறக்கி வைத்தபடி. "நல்ல கம்பெனி. கொசு மூக்கக் கூட நுழைக்காது."

வந்தவரைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. மாடி ரூமில் கொசு வருவது நின்றது. நெட் வரவில்லை.

அப்புறம்தான் உண்மையான மெஷ் வந்தது. சோப்பு டப்பா சைசில் மூன்று வெள்ளைப் பெட்டிகள். ஒன்றிலிருந்து ஒன்று நெட்டை வாங்கி வீடு முழுக்கக் கொடுக்குமாம். முதல் பெட்டி கூடத்தில் மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளை விளக்கு காட்டியது. மாடிக்குப் போன பெட்டி சிவப்பு காட்டியது. வீடு பழைய வீடு. சுண்ணாம்புச் சுவர் ஒவ்வொன்றும் ஆள் படுக்கிற அகலம். கலியாணசுந்தரம் பெட்டி வாங்கிய கடையின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"வணக்கம் சார், மேரி பேசறேன். உங்க பேக்ஹால் வயர்லெஸ்ஸா, வயர்டா?"

கலியாணசுந்தரம் எட்டி, வீட்டின் பின் ஹாலைப் பார்த்தார்.

"பேக் ஹால்ல ஒரு டியூப்லைட்டு இருக்குதுமா. அதுக்கு ஒரு வயரு போவுது."

மேரி வேறு வழியில் வந்தாள்.

"சார், சுவர் தடிமனா இருந்தா பேக்ஹால் வயர்டா இருக்கிறதுதான் நல்லது."

"அப்படின்னா ஒரு பொட்டிய பேக் ஹால்ல வெச்சு வயர் குடுத்துடறேன்."

"பேக்ஹால்னா ரூம் இல்ல சார். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவுல ஓடுற லைன்."

"எங்க வீட்டுலயும் அது நடுவுலதான்மா இருக்குது."

மேரி நல்ல பெண். விட்டுவிட்டாள். மூன்றாவது பெட்டி பின் ஹாலுக்குப் போய், டியூப்லைட்டுக்குக் கீழே, மூட்டை கட்டி வைத்த பட்டு நூலுக்குக் காவலாக உட்கார்ந்தது. அங்கே யாரும் போவதில்லை. நெட் மட்டும் நன்றாக இருந்தது.

வயர் இழுப்பதென்று முடிவானதும், பல வயரைச் சொருக ஒரு ஸ்விட்ச் வேண்டும் என்றாள் மேரி. சீனிவாசன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். கம்பெனிகள் தள்ளிவிடுகிற சாமான் எந்தக் காயலான் கடைக்குப் போகும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு சாயங்காலம் இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முன்பக்கம் வரிசையாக எட்டு ஓட்டை.

"இன்னா அண்ணே இது?" என்றாள் குழலி.

"ஸ்விட்ச்சு தங்கச்சி."

"லைட்டுக்கா, ஃபேனுக்கா?"

"நெட்டுக்கு. அதுலயும் இது மேனேஜ்டு ஸ்விட்ச்சு. ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியா உத்தரவு போடலாம். நாம சொல்றபடி கேக்கும்."

"அப்ப இவருக்குக் குடுங்க அண்ணே. வீட்டுல இவரு சொல்றபடி கேக்க ஒண்ணு இருக்கட்டும்."

சீனிவாசன் சிரித்தார். கலியாணசுந்தரமும் சிரித்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் லேட்டாக வந்தது.

வயர் இழுக்கும் வேலையை அவரே செய்தார். மோடம் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஒன்று. ஸ்விட்ச்சின் ஐந்தாவது ஓட்டையிலிருந்து, மேரி பாஷையில் அஞ்சாம் போர்ட்டிலிருந்து, மாடிக்கு ஒன்று. பின் ஹாலுக்கு ஒன்று. கூரை மர வரிச்சலில் ஆணி அடித்து, வயரைத் தறியின் பாவு நூல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினார். மாடியில் வெள்ளை விளக்கு எரிந்தது. குழலி உடனே லைவ் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. ஒரு குட்டி வயர் மட்டும் மிச்சம். அதன் ஒரு முனை ஸ்விட்ச்சில் இருந்தது. மறுமுனை சும்மா தொங்கியது.

நெசவாளி வீட்டில் எது வேண்டுமானாலும் தொங்கலாம், நுனி தொங்கக் கூடாது. பழைய பாவு முடிந்து புதுப் பாவு வந்தால் ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கி இணைப்பார்கள். ஒரு இழை விட்டுப்போனாலும் துணியில் கோடு விழும். அந்தக் கை கலியாணசுந்தரத்தின் கை. தொங்குகிற முனையைப் பார்த்தது. பக்கத்தில் காலி ஓட்டையைப் பார்த்தது. சொருகிவிட்டது.

ஸ்விட்ச்சின் அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தன.

"ஏங்க, நின்னுடுச்சு," என்றாள் குழலி மாடியிலிருந்து.

அவர் மேரிக்குப் போன் போட்டார்.

"எல்லா லைட்டும் ஒண்ணா அடிக்குதா சார்?"

"தீபாவளி மாதிரி இருக்குதுமா."

"கடைசியா எதைச் சொருகினீங்க?"

"ஒரு வயரு தொங்கிக்கினு இருந்துது. அத சொருகினேன்."

"எதுல இருந்து எதுக்கு சார்?"

"ஸ்விட்ச்சுல இருந்து ஸ்விட்ச்சுக்கு."

"அதே ஸ்விட்ச்சா?"

"வீட்டுல ஒண்ணுதான்மா இருக்குது."

"சார், ஒரே வயரோட ரெண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்சுல இருந்தா, வெளிய போறது திரும்ப உள்ள வரும். மறுபடி வெளிய போகும். சுத்திக்கிட்டே இருக்கும். வேற எதுக்கும் வழி விடாது. அதுக்குப் பேரு லூப்."

கலியாணசுந்தரத்துக்குப் பளிச்சென்று புரிந்தது. தறியில் நூல் இல்லாத நாடாக் கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. சத்தம் தெருவுக்கே கேட்கும். துணி ஒரு விரல் கூட வளராது.

"நுனிய தொங்க விடக்கூடாதுமா, எங்க தொழில்ல."

"எங்க தொழில்ல விடலாம் சார். தாராளமா."

குட்டி வயரைப் பிடுங்கினார். விளக்குகள் அடங்கின. ஆனாலும் மாடியில் சிவப்புதான்.

"அந்த ரகளையில ஸ்விட்ச்சு பயந்துபோயி அஞ்சாம் போர்ட்டையும் சேர்த்து மூடியிருக்கும் சார். நாமதான் திறந்துவிடணும். போன்ல நான் சொல்ற நம்பரை அடிங்க."

அடித்தார். ஒரு பக்கம் திறந்தது. வரிசையாக எட்டுச் சின்னக் கட்டம். கரை டிசைன் போடுகிற கட்டத்தாள் மாதிரியே இருந்தது. ஓட்டைக்கு ஒரு கட்டம். ஐந்தாவதில் டிக் இல்லை.

"டிக் போட்டு சேவ் குடுங்க சார்."

கொடுத்தார்.

"வந்துட்டுது," என்றாள் குழலி மாடியிலிருந்து.

மேரிக்கு நன்றி சொல்லி வைத்தார். வேலை முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கட்டைவிரலால் ஐந்தாவது கட்டத்தை இன்னொரு தரம் அமுக்கினார்.

"போயிட்டுது," என்றாள் குழலி.

அமுக்கினார்.

"வந்துட்டுது."

அமுக்கினார்.

"போயிட்டுதுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் விரலை அசைத்து மனைவி தன் சொல்லை மாற்றிக்கொண்டது இதுதான் முதல் தடவை. கலியாணசுந்தரம் அந்த எட்டு ஓட்டைப் பெட்டியை அன்போடு பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாடி ரூமில் அவர் தோளில் கத்தரிப்பூ நிறப் புடவை. முந்தி இடது கைமேல் விழுந்திருந்தது. முந்திக்கு அடியில் இடது கை. இடது கையில் போன். குழலி கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"பாருங்க மா, சாதா வெளிச்சத்துலயே இப்படி இருக்குது. சார் கொஞ்சம் திரும்பிக் காட்டுவாரு."

சார் திரும்பினார். கட்டைவிரல் அசைந்தது. படம் உறைந்தது.

"ஏங்க, நின்னுடுச்சு."

"அட ராமா. அஞ்சாம் போர்ட்டுதான். நான் போய்ப் பாக்கறேன்."

புடவையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கீழே போனார். ஸ்விட்ச் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்தார். பிறகு டிக் போட்டார். மாடியில் குழலி நாற்காலிக்கே புடவையைப் போட்டு மிச்ச லைவை நடத்தினாள். நாற்காலி சங்கடப்படவில்லை.

அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். காரணங்களை அவர் மேரியிடமிருந்து கற்றுக்கொண்டார். ஒரு வாரம் வயர் நுனியில் கிளிப் சரியில்லை. ஒரு வாரம் ஸ்விட்ச்சும் பெட்டியும் வேகத்தில் ஒத்துப்போகவில்லை. ஒரு வாரம் வெயிலில் போர்ட் சூடாகிவிட்டது.

"மழை வந்தா சரியாயிடுமா?" என்று கேட்டாள் குழலி.

"சொல்ல முடியாது. மழைக்கு வேற பிரச்சினை இருக்குது."

குழலி தலையாட்டினாள். ஒவ்வொரு லைவ் முடிந்ததும் பதிவான படத்தைப் போட்டு, புடவை எப்படி விழுந்தது, முந்தி எப்படித் தெரிந்தது என்று இரண்டு தரம் பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடையில் சீனிவாசனும் கலரைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். கலியாணசுந்தரம் நன்றாகத் தூங்கினார். கொஞ்சம் சதை கூடப் போட்டார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டில் குழலி சொன்னாள்.

"மெல்போர்ன்ல இருந்து புவனேஸ்வரின்னு ஒரு அம்மா பேசினாங்க. பூர்வீகம் நம்ம பக்கத்து மாகறலாம். பொண்ணுக்குத் தையில கல்யாணம். முகூர்த்தப் புடவையில இருந்து சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கறது வரைக்கும் ஒரே எடத்துல எடுக்கணுமாம். ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோல பாக்கறாங்க."

கலியாணசுந்தரத்தின் கை சோற்றில் நின்றது.

"நம்ம மாம்பழத்தக் காட்டுவியா?"

"அதத்தான் மொதல்ல கேட்டாங்க."

அது சாதாரணப் புடவை இல்லை. மாம்பழ உடல், அரக்குக் கரை, கரையும் உடலும் சேர்கிற இடத்தில் மயிரிழை பிசகாத கோர்வை. தறியில் அவரே உட்கார்ந்து நெய்தது. நெய்து முடித்து மடித்து வைத்த பிறகும் இரண்டு தரம் பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"இந்த ஆர்டர் வந்தா ரெண்டு தறிக்கும் வர்ற ஆடி வரைக்கும் வேலைங்க. ஆனா ஏற்கெனவே வேற எடத்துலயும் பாத்து வெச்சிருக்காங்க. நடுவுல கட்டாச்சுன்னா அங்க போயிடுவாங்க."

ஆக, நெட் போகக் கூடாது. தானும் மெல்போர்ன் வரைக்கும் போய்ப் புடவையில் நிற்கக் கூடாது. கலியாணசுந்தரம் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே யோசித்தார். ரசம் முடிவதற்குள் வழி கிடைத்தது.

"குழலி, அந்த அஞ்சாம் போர்ட்ட நம்பவே முடியாது. ஞாயித்துக்கிழமை பூரா நான் கீழ ஸ்விட்ச்சுப் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். ஒரு நொடி போனாலும் புடிச்சுடுவேன். தோள்ல போட நீ வேற யாரையாச்சும் பாத்துக்கோ."

"சரிங்க," என்றாள் குழலி.

அவள் சொன்ன எத்தனையோ 'சரிங்க'வை அவர் கேட்டிருக்கிறார். எதுவும் இவ்வளவு சீக்கிரத்தில் வந்ததில்லை. அங்கேயே அவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மோர் ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, திருநீறு பூசி, ஸ்விட்ச் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போனில் எட்டுக் கட்டமும் திறந்திருந்தது. ஐந்தாவது பச்சை. தறி ஓய்ந்த நாள் என்பதால் வீடு அமைதியாக இருந்தது. மாடியில் குழலி பேசுவது லேசாகக் கேட்டது. இந்தத் தடவை அவர் கட்டைவிரல் யோக்கியமாக முழங்கால்மேல் இருந்தது.

ஐந்தாவது கட்டம் சிவப்பாயிற்று.

அவர் தொடவே இல்லை. கட்டைவிரலைச் சந்தேகத்தோடு பார்த்தார். அது முழங்கால்மேல்தான் இருந்தது.

டிக் இருக்கிறதா? இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டார். சிவப்பு. வயரைக் கழற்றி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் சொருகினார். சிவப்பு. ஆறாவது ஓட்டையில் போட்டுப் பார்த்தார். அதுவும் சிவப்பு. பின் ஹாலுக்குப் போகிற வயரை இதே ஓட்டையில் போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. அதற்கெல்லாம் நேரம் இல்லை. வயரை மறுபடி ஐந்திலேயே சொருகினார். மாகறலில் பிறந்து மெல்போர்னில் வாழும் ஒரு அம்மா, உறைந்துபோன குழலியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போன் போடுகிற காட்சி கண்ணில் வந்தது. நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. மேரியைக் கூப்பிட்டார்.

"மா, அஞ்சாம் போர்ட்டு நெஜமாவே போயிடுச்சு."

"நிஜமாவா சார்?"

"டிக்கு இருக்குது, ஓட்டைய மாத்திப் பாத்தேன், அழுத்திப் பாத்தேன், ஒண்ணும் வேலைக்கு ஆவல."

"இந்த முனையில எல்லாம் பாத்தாச்சு இல்ல சார்? அப்ப அந்த முனையில போய்ப் பாருங்க."

மேரி குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வேட்டியை மடித்துக் கட்டி மாடிக்கு ஓடினார். படிக்கட்டு வளைவில் ஒரு முக்காலிமேல் வெள்ளையாக ஏதோ இருந்தது. நின்று பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ரூமுக்குள் போனார்.

பாயில் புடவைகள் மலையாகக் கிடந்தன. ஸ்டாண்டில் போன். போனில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், துடைத்து வைத்தது போலத் தெளிவாக, பேசிக்கொண்டிருந்தார். குழலி கையில் வயரின் மறுமுனை இருந்தது.

"வந்துட்டாரா?" என்றார் போனில் இருந்த அம்மாள்.

"வந்துட்டாருமா," என்றாள் குழலி. "சொன்னேன் இல்ல? கூப்பிட்டா வரமாட்டாரு. வயர புடுங்கினா வந்துடுவாரு."

அவர் வாயைத் திறப்பதற்குள் மாம்பழக் கலர் தோளுக்கு வந்துவிட்டது.

"வயரு இல்லாம எப்பிடி வருது?" என்றார், உதட்டை அசைக்காமல்.

"சும்மா கெடந்த பேக் ஹால் பொட்டிய படிக்கட்டு வளைவுல வெச்சேன். அங்க இருந்து காத்துலயே வருதாம். மேரி சொல்லிச்சு."

அவர் மூளை இதை வாங்கிக்கொண்டிருக்கும்போதே, பழக்கதோஷத்தில், முந்திக்கு அடியில் கட்டைவிரல் போனில் தன் வேலையைச் செய்துவிட்டது. ஐந்தாவது டிக் போயிற்று. மெல்போர்ன் போகவில்லை.

"அண்ணே, ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்புங்க," என்றார் புவனேஸ்வரி.

திரும்பினார். வேறு வழியில்லை. ஜன்னலில் அவரே போட வைத்த கொசுவலை.

"வேற யாரையாச்சும் நிக்க வெச்சிருக்கலாமே," என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அது மெல்போர்னுக்குக் கேட்டுவிட்டது. படம் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

"வேற யாரும் வேணாம் அண்ணே. எந்தக் கடையைப் பாத்தாலும் மாவு மாதிரி வெள்ளையா பொண்ணுங்க கட்டிக்கினு நிக்குது. அதுங்களுக்கு எதைப் போட்டாலும் ஒண்ணுதான். எங்க பொண்ணு தீபிகா உங்க கலரு. அவளுக்கு எது எடுக்கும்னு உங்க தோள்ல பாத்தாதான் எங்களுக்குத் தெரியுது. வாராவாரம் உங்களுக்காகத்தான் பாக்கறோம். கொஞ்ச நாளா நீங்க பாதியில காணாம போயிடறீங்க."

கலியாணசுந்தரம் குழலியைப் பார்த்தார். குழலி புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தீபு, வாடி. அங்கிளப் பாரு."

அந்தப் பெண் கூச்சத்தோடு திரைக்குள் வந்தது. அவர் கலர்தான். கொஞ்சம் கூடக் குறைய இல்லை. பெண் பார்க்கப் போன அன்று, "பையன் கொஞ்சம் கறுப்பு" என்று குழலி வீட்டில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அந்தக் கறுப்பை ஒருத்தர் கடல் தாண்டித் தேடி வருவார் என்று அவர் நினைத்ததில்லை.

"அங்கிள், முந்தி தெரியலை," என்றது தீபிகா.

கலியாணசுந்தரம் நிமிர்ந்தார். கரையைப் பிடித்து ஒரு உதறு உதறினார். காந்தி ரோட்டு மீசைக்காரர்கள் தோற்றார்கள். முந்தி விசிறியாக விரிந்து கைமேல் விழுந்தது.

"இதோ பாரு கண்ணு, இது கோர்வை. கரைய தனியா நெய்து ஒட்டினது இல்ல. உடம்போட சேர்ந்தே வரும். கிட்ட வந்து பாரு."

தீபிகா கிட்ட வந்தது. அந்த நேரம் பார்த்து படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மூக்கு ஒரு பக்கம் நின்றது, கண் ஒரு பக்கம் நின்றது.

"...உடையுது... கேக்குதா..." என்றார் புவனேஸ்வரி. பின்னால் ஒரு ஆண் குரல், "அந்த இன்னொரு கடையில கூப்பிடட்டுமா?" என்றது. அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"குழலி, காத்து பத்தாது. வயர சொருகு, வயர சொருகு."

குழலி சொருகினாள். வயர் முனையில் விளக்கு எரியவில்லை.

"ஏங்க எரியல?"

ஏன் என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் முந்திக்கு அடியில் கட்டைவிரலால் துழாவினார். எட்டுக் கட்டமும் தெரிய வேண்டுமே என்று இருக்கிற எல்லா சாமியையும் வேண்டினார். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. ஐந்தாவது கட்டம். டிக். சேவ்.

விளக்கு சிமிட்டியது. நின்று எரிந்தது. மெல்போர்னில் மூக்கும் கண்ணும் அதனதன் இடத்துக்கு வந்தன.

தீபிகா அந்தக் கோர்வையை ரொம்ப நேரம் பார்த்தது. தன் கையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில், அவர் கைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வைத்துப் பார்த்தது.

"இதுதான்மா," என்றது.

"இதை எடுத்து வெச்சுடுங்க," என்றார் புவனேஸ்வரி. "மத்ததையும் உங்ககிட்டயே பாத்துடறோம். அண்ணனால நிக்க முடியுமா?"

"எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிக்கறேன்மா," என்றார் கலியாணசுந்தரம். குழலி முந்திக்கொள்வதற்குள் சொன்னார்.

நின்றார். மயில் கழுத்து, அரக்கு, மாந்துளிர், பாக்குக் கலர் எல்லாம் அவர் தோளேறி இறங்கின. சம்பந்தி வீட்டுக்கு, அத்தைக்கு, அத்தையின் மருமகளுக்கு என்று புடவைகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போயின. கால் வலித்தது. அவர் சொல்லவில்லை. போன் அணைந்தபோது இரண்டு தறிக்கும் ஆடி தாண்டியும் வேலை இருந்தது.

ரூமில் இருவர் மட்டும். கலியாணசுந்தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, நான் இருந்தேன். வயர் நுனியில இன்னாவோ தூசி. அதான் விளக்கு லேட்டா எரிஞ்சுது."

குழலி அவர் தோளிலிருந்து கடைசிப் புடவையை எடுத்து, நான்காக மடித்து, மாம்பழத்தின்மேல் வைத்தாள்.

"ஆமாங்க, தூசிதான். ஒரு கட்டைவிரல் அளவுக்கு இருந்துது."